ஒரு கலர் உடைங்க அண்ணாச்சி

விருதுநகரில் ஒருவருக்குப் பெயரைவிட இனிஷியல்தான் நீளம். அப்பா பெயர், தாத்தா பெயர், பூட்டன் பெயர், அந்தப் பூட்டன் எந்த ஊரிலிருந்து மூட்டையைத் தூக்கிக்கொண்டு வந்தாரோ அந்த ஊரின் பெயர் என்று எல்லாம் ஆங்கில எழுத்துகளாகச் சுருங்கிக் கடை போர்டில் வரிசையாக நிற்கும். கடைசியில், இடம் மிச்சமிருந்தால், ஆளின் பெயர். மிளகாய் மண்டியோ, எண்ணெய்க் கடையோ, பருப்பு மில்லோ, எதுவானாலும் இதுதான் வழக்கம். தெருவில் போகிற பையனை நிறுத்தி “எந்தக் கடைப் பிள்ளைடே நீ?” என்று கேட்கும் பெரியவருக்கு மூன்று எழுத்தைச் சொன்னால் போதும், அவனுடைய தாத்தா யாருக்கு எவ்வளவு பாக்கி வைத்துவிட்டுப் போனார் என்பதுவரை அவரே சொல்லிவிடுவார். எங்கள் வீட்டுக்கு அந்தப் பெருமை கிடையாது. அப்பா ஒரு மண்டியில் கணக்கெழுதினார். எங்களுடையது ஒற்றை எழுத்து.

பி.வி.எஸ்.கே. என்று முழுதாக நான்கு எழுத்து முன்னால் நிற்கும் பழனியப்ப நாடாரை நான் பார்த்ததில்லை. அவரைப் பாட்டிலில்தான் எனக்குப் பழக்கம். காளி மார்க் சோடா, காளி மார்க் கலர், அப்புறம் பொவண்டோ. அதற்குப் பின்னால் ஒரு மனிதர் இருந்தார், அவருக்கும் ஒரு காலத்தில் கடன் வாங்கவும் வெயிலில் அலையவும் தூக்கம் கெடவும் நேர்ந்திருக்கும் என்றெல்லாம் எங்கள் வயதில் யார் நினைத்தது? கிணற்றில் நீர் ஊறுவதற்கு யாரும் முதலாளியைத் தேடுவதில்லை அல்லவா, அப்படித்தான் பெட்டிக்கடையில் சோடா ஊறியது.

அவர் ஆரம்பித்தது 1916இல். உலகப்போர் நடந்துகொண்டிருந்த வருஷம். ஊருக்கு அப்போது விருதுபட்டி என்று பெயர். காமராஜுக்குப் பதின்மூன்று வயது. பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டுவிட்டு மாமாவின் துணிக்கடைக்குப் போன காலத்தையொட்டி. சுற்றிலும் கரிசல் காடு. பருத்தி விளையும், மிளகாய் விளையும், இரண்டையும்விட நன்றாக வெயில் விளையும். தண்ணீர் ஒன்றுதான் விளையாது. குடத்தைத் தூக்கிக்கொண்டு பெண்கள் நாள் முழுக்க நடந்த ஊர் அது. அந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு ஒருவர், தண்ணீருக்குள் காற்றை அடைத்துக் காசுக்கு விற்கலாம் என்று யோசித்தார் என்றால், அவர் ஒன்று பெரிய விளையாட்டுக்காரராக இருக்க வேண்டும், அல்லது தாகம் என்பது எவ்வளவு நாணயமான வாடிக்கையாளர் என்று தெரிந்தவராக இருக்க வேண்டும். சோடா என்றால் வெள்ளைக்காரத் துரைகள் கிளப்பில் விஸ்கியோடு கலந்து குடிப்பது என்றிருந்ததை, அரைத்த சந்தனமும் கலைந்த குடுமியுமாகச் சந்தைக்கு வந்த சம்சாரியின் கையில் கொடுக்க வேண்டும். கம்பெனிக்கு வைத்த பெயர் காளி ஏரேட்டட் வாட்டர் ஒர்க்ஸ். அம்மனையும் ஆங்கிலத்தையும் ஒரே போர்டில் பக்கத்துப் பக்கத்தில் உட்காரவைத்த அந்தத் துணிச்சலை நினைத்தால் எனக்கு இன்னும் சிரிப்பும் மரியாதையும் சேர்ந்தே வருகின்றன.

இன்றைக்கு ஒரு பையன் இதே யோசனையோடு புறப்பட்டால் முதலில் லேப்டாப்பில் படம் படமாகப் போட்டு ஒரு விளக்கம் தயார் செய்வான். தாகத்தின் சந்தை மதிப்பு எவ்வளவு, ஐந்து வருஷத்தில் தாகம் எத்தனை மடங்கு வளரும் என்று அதில் வட்ட வட்டமாகக் காட்டுவான். கோயம்புத்தூரிலும் பெங்களூரிலும் குளிர் அறைகளில் உட்கார்ந்து முதலீட்டாளர்கள் தலையாட்டுவார்கள். இரண்டாம் வருஷம் பத்திரிகையில் படம் வரும், மூன்றாம் வருஷம் வேறு யாருக்காவது விற்றுவிட்டு ‘அடுத்து என்ன’ என்று பேட்டி கொடுப்பான். எங்கள் ஊர்ப் பெரியவர்களுக்கு இந்தக் கடைசி வித்தை மட்டும் பிடிபடவேயில்லை. கடையை ஆரம்பித்தால் சாகும்வரை அதில் உட்கார வேண்டும், அதற்கப்புறம் படமாக மாறிக் கல்லாப்பெட்டிக்கு மேலே சீரோ வாட்ஸ் பல்புக்கு அடியில் உட்கார வேண்டும். கல்லாவில் மகன் இருப்பான், பிறகு பேரன் இருப்பான். மேலே உட்கார்ந்திருப்பவர் இருவரையும் கவனித்துக்கொண்டேயிருப்பார்.

கோலி சோடா பாட்டிலைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அதைக் குடிக்கத் தெரிந்த கடைசித் தலைமுறை எங்களுடையது என்று எனக்கு ஒரு கர்வம். 1870களில் ஹைரம் காட் என்ற இங்கிலாந்துக்காரர் கண்டுபிடித்த சாமான் அது. தடித்த பச்சைக் கண்ணாடி, இடுப்பு ஒடுங்கிய கழுத்து, கழுத்துக்குள் ஒரு கோலிக்குண்டு, வாயின் உட்புறம் ஒரு ரப்பர் வளையம். தண்ணீரை ஊற்றி, வாயுவை அடைத்து, பாட்டிலைத் தலைகீழாகக் கவிழ்த்தால் குண்டு உருண்டு வந்து வளையத்தில் உட்காரும். உள்ளேயிருக்கும் வாயுவே அதை அழுத்திப் பிடித்துக்கொள்ளும். மூடியும் வேண்டாம், தக்கையும் வேண்டாம். உள்ளே அடைபட்டதையே காவலுக்கும் வைத்துவிட்ட அந்தப் புத்தியை என்ன சொல்ல! சோடாக் கம்பெனிகளில் பாட்டில்களை ஒரு சட்டத்தில் மாட்டிக் கையால் சுற்றுவார்கள். அவ்வப்போது ஒன்று வெடிக்கும். தெருவில் போகிறவர்கள் நின்று, “எத்தனை உடைஞ்சுது?” என்று விசாரித்துவிட்டுப் போவார்கள்.

கடைக்காரர் அதை உடைக்கிற அழகு தனி. கட்டைவிரலை வைத்து, உள்ளங்கையால் ஒரே ஒரு அடி. குண்டு உள்ளே விழும், நுரை பொங்கும், கிர்ரென்று ஒரு சத்தம் தெருமுனை வரை கேட்கும். அந்தச் சத்தம் கேட்டால் வீட்டுக்குள் படுத்திருக்கும் கிழவிக்கும் ஒரு ஏப்பம் வந்துவிடும். சில கடைகளில் மரக்கட்டை வைத்து உடைப்பார்கள். எங்கள் தெருமுனை அண்ணாச்சிக்கு அது கௌரவக் குறைச்சல். பாட்டிலின் கழுத்தில் ஒரு பக்கம் இரண்டு குழிவுகள் இருக்கும். அந்தப் பக்கத்தைக் கீழே பார்க்கப் பிடித்துச் சாய்த்தால் குண்டு அதில் போய் உட்கார்ந்துகொண்டு வழிவிடும். தெரியாதவன் எப்படிச் சாய்த்தாலும் குண்டு வந்து வாயை அடைத்துவிடும். மெட்ராஸிலிருந்து லீவுக்கு வந்த எங்கள் அத்தை மகன், கூலிங் கிளாஸும் பெல்பாட்டமுமாக நின்று, அண்ணாந்து அண்ணாந்து பார்த்து, கழுத்து வலித்துப்போய்ப் பாட்டிலை எங்களிடம் நீட்டிய நாளில் நாங்கள் அடைந்த ஆனந்தம் இருக்கிறதே, அதற்கப்புறம் என் பதவி உயர்வில்கூட அவ்வளவு கிடைக்கவில்லை.

அந்தப் பாட்டிலுக்கு வேறு உத்தியோகங்களும் உண்டு. அரசியல் கூட்டத்தில் பேச்சாளர் உச்சஸ்தாயியில் போய்க் கைதட்டலுக்கு இடம்விட்டு நிறுத்தும்போது மேடையின் ஓரத்திலிருந்து ஒரு கை சோடாவை நீட்டும். அவர் குடித்து முடித்து வாயைத் துடைத்துக்கொள்ளும்வரை ஆயிரம் பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். கூட்டம் கலாட்டாவில் முடிந்தால் அதே பாட்டில்கள் வானத்தில் பறக்கும். ஊரில் கலவரம் என்றால் போலீஸ் வருவதற்கு முன்பே சோடாக் கடைக்காரர்கள் சரக்கை உள்ளே அடுக்கிப் பூட்டிவிடுவார்கள். அஜீரணத்துக்கும் அதுதான், அரசியலுக்கும் அதுதான்.

சோடா எல்லோருக்கும் பொது. கலர் அப்படியில்லை. கலருக்கு ஒரு காரணம் வேண்டும். வீட்டுக்கு விருந்தாளி வர வேண்டும், அவர் கொஞ்சம் தூரத்து விருந்தாளியாக இருக்க வேண்டும் (நெருங்கிய சொந்தத்துக்கு மோர்தான்), அவர் வெயிலில் வந்திருக்க வேண்டும். திண்ணையில் செருப்புச் சத்தம் கேட்டதும் நான் அப்பத்தாவின் முகத்தைப் பார்ப்பேன். அப்பத்தா இடுப்புச் சுருக்குப்பையைத் தொட்டால் கலர், தொடாவிட்டால் மோர். தொட்டுவிட்டால் நான் ஓடுவேன். “ஒரு கலர் உடைங்க அண்ணாச்சி!” என்று கடை வாசலிலிருந்தே கத்துவேன். 1950களின் இறுதியில் பொவண்டோ வந்த பிறகு கல்யாணக் களையுள்ள விருந்தாளிகளுக்கு அது என்று ஆனது. பெண் பார்க்க வந்தவர்கள், சம்பந்தம் பேச வந்தவர்கள், அப்பாவின் முதலாளி. திராட்சை வாசனையும் லேசான காரமுமாக, கறுப்பா சிவப்பா என்று சொல்ல முடியாத நிறத்தில், மரத்தூள் போட்ட ஐஸ் பெட்டியிலிருந்து அது வெளியே வரும்போது பாட்டிலெல்லாம் வியர்த்திருக்கும்.

“எனக்கு அப்பத்தா?”

“வந்தவுகளுக்குத்தான். நீ என்ன பஸ்சுல வந்தியா?”

இதற்குப் பதில் கிடையாது. கதவு நிலையில் சாய்ந்து நின்று விருந்தாளியின் தொண்டைக்குழி ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். நல்லவர்கள் அடியில் இரண்டு விரற்கடை மிச்சம் வைத்து, “இந்தா, குடி” என்பார்கள். அவர்கள் பேசிய சம்பந்தங்கள் எல்லாம் கூடி, பிள்ளைகுட்டிகளோடு நன்றாக இருக்கட்டும் என்று நான் இன்றும் வாழ்த்துகிறேன். ஒரு சித்தப்பா முறைக்காரர் இருந்தார், பாட்டிலை அண்ணாந்து, கடைசிச் சொட்டு விழும்வரை ஆட்டி, அதற்கப்புறம் மோந்தும் பார்ப்பார். பின்னாளில் அவர் பஞ்சாயத்துத் தேர்தலில் நின்றபோது எங்கள் வீட்டு ஓட்டில் ஒன்று அவருக்கு விழவில்லை.

மிச்சம் கிடைக்காவிட்டாலும் மூடி கிடைக்கும். தகர மூடியைத் தண்டவாளத் துண்டில் வைத்துக் கல்லால் தட்டித் தட்டையாக்கி, நடுவில் ஆணியால் இரண்டு துளை போட்டு, நூலைக் கோத்து, இரு கைகளாலும் முறுக்கி இழுத்தால் விர்ரென்று சுற்றும். பக்கத்தில் இருப்பவன் காதுக்கருகே கொண்டுபோக வேண்டும், அதில்தான் ருசி. அப்புறம் காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுக்கிற பெரிய கடமை. பாட்டில் கம்பெனியின் சொத்து. குடித்தவன் ராஜாவாக இருந்தாலும் பாட்டில் கடைக்குத் திரும்ப வேண்டும், கடையிலிருந்து மரப்பெட்டியில் ஏறி விருதுநகர்த் தெருக்களில் கலகலவென்று கம்பெனிக்குத் திரும்ப வேண்டும். அண்ணாச்சி முகத்தைக் கூடப் பார்க்காமல், “பாட்டிலு?” என்று மட்டும் கேட்பார். ஊரில் எத்தனையோ விஷயங்களுக்குக் கணக்கு இல்லாமலிருந்தது. காலி பாட்டிலுக்கு இருந்தது.

பழனியப்ப நாடார் மாதிரியான ஆட்கள் தனியாக முளைத்தவர்களில்லை என்பதையும் சொல்ல வேண்டும். மகமை என்று ஒன்று வைத்திருந்த ஊர் அது. கடையில் விற்கிற சரக்கில் இவ்வளவுக்கு இவ்வளவு என்று ஊர்ப் பொதுவுக்கு எடுத்துவைத்துவிட வேண்டும். வீடுகளில் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனிப் பானையில் போட வேண்டும். அப்படிப் பிடி அரிசியும் மகமையும் சேர்த்து 1889இல் தொடங்கியதுதான் காமராஜர் படித்த க்ஷத்ரிய வித்யா சாலா. அரசாங்கம் வரி போட்டால் முகம் சுளிக்கிற வியாபாரிகள், தங்களுக்குத் தாங்களே வரி போட்டுக்கொண்டு அதை ஒழுங்காகக் கட்டினார்கள். இப்போது பெரிய கம்பெனிகள் லாபத்தில் இரண்டு சதவீதத்தைச் சமூகத்துக்குச் செலவிட வேண்டும் என்று 2013ஆம் வருஷத்துச் சட்டமே சொல்கிறது. அதற்கென்று ஒரு துறை, துறைக்கு ஒரு தலைவர், தலைவருக்கு ஒரு புகைப்படக்காரர். எங்கள் ஊரில் அதைச் செய்ய ஒரு பானை போதுமாயிருந்தது.

நான் காலேஜுக்கு மதுரைக்குப் போனது எழுபதுகளின் கடைசியில். 1977இல் கோகோ கோலா மூட்டையைக் கட்டிக்கொண்டு நாட்டைவிட்டுப் போயிருந்தது. போனதைக் குடித்தே இராத எனக்கு அந்தப் பிரிவு எப்படி அவ்வளவு வலித்தது என்பது இன்னும் விளங்கவில்லை. ஹாஸ்டல் நண்பர்கள் கோல்ட் ஸ்பாட் குடித்தார்கள், லிம்கா குடித்தார்கள், காம்பா கோலா பற்றிப் பேசினார்கள். அரசாங்கமே டபுள் செவன் என்று ஒன்றைத் தயாரித்து, தேசத்தின் தாகத்தைத் தீர்க்கத் தானே முன்வந்தது. தேசம் அதைக் கண்டுகொள்ளவில்லை. நான் விருதுநகர்க்காரன் என்பதை மறைக்கத் தலைமுடியை வளர்த்து, காதுவரை கிருதா வைத்து, சட்டைக் காலரை நாய்க்காது அளவுக்கு விட்டிருந்தேன். ஒரு நாள் கூடப் படிக்கும் நாலு பேரை, அதில் இரண்டு பேர் பெண்கள், கூட்டிக்கொண்டுபோய், டவுன்ஹால் ரோடு கடை ஒன்றில், இடது கையைக் கவுண்டரில் ஊன்றி, “காம்பா கோலா இருக்கா?” என்றேன்.

“அதெல்லாம் இல்ல தம்பி. பொவண்டோ இருக்கு, பன்னீர் சோடா இருக்கு.”

“அப்ப தண்ணி போதும்.”

பெண்கள் இருவரும் பொவண்டோ வாங்கிக் குடித்தார்கள். அதில் ஒருத்தி, “எங்க ஊர்லயும் இது கிடைக்கும், நல்லாருக்கும்” என்று என்னைப் பார்த்துச் சொன்னாள். நான் டம்ளர் தண்ணீரை உலகத்தரத்தோடு குடித்துக்கொண்டிருந்தேன்.

1993இல் கோகோ கோலா திரும்பி வந்தது. வந்த வேகத்தில் தம்ஸ் அப், லிம்கா, கோல்ட் ஸ்பாட் எல்லாவற்றையும் விலைக்கு வாங்கியது. நான் வேலை பார்த்த ஊர்களிலெல்லாம் பெட்டிக்கடைகளில் கண்ணாடிக் கதவு போட்ட குளிர்பெட்டிகள் வந்து நின்றன, சிவப்பாக, நீலமாக, கடையைவிட ஆடம்பரமாக. பெட்டி இனாம், கரண்ட் கடைக்காரருடையது, உள்ளே உட்காரும் உரிமை பெட்டி கொடுத்தவருக்கு. உள்ளூர்ச் சோடாக்கள் ஒவ்வொன்றாக வெளியே வெயிலுக்கு நகர்ந்து, பிறகு கடையிலிருந்தே காணாமல் போயின. ஒவ்வொரு ஊருக்கும் ஒரு சோடா, ஒவ்வொரு சோடாவுக்கும் ஒரு சாமி பெயர் என்றிருந்த காலம் சத்தமில்லாமல் மூடிக்கொண்டது. எனக்கும் அப்போது கையில் கொஞ்சம் காசு, பிள்ளைகள் கேட்டதை வாங்கிக் கொடுத்தேன். அவர்கள் பொவண்டோ கேட்கவில்லை. ஆனால் பரோட்டாக் கடைகளும் பிரியாணிக் கடைகளும், பஸ் நின்றால் மட்டும் விழித்துக்கொள்ளும் சின்ன ஊர்களும் அதைக் கைவிடவில்லை. விருதுநகர் எண்ணெய் பரோட்டாவைத் தின்றவன் வயிற்றுக்கு, கோகோ கோலாவின் ஊரான அட்லாண்டாவில் மருந்து கிடையாது என்பது உலகமயத்தின் கணக்கில் விட்டுப்போன ஒரு சின்ன வரி. பழனியப்ப நாடாரின் பிள்ளைகளும் பேரன்களும் ஊர்களைப் பகிர்ந்துகொண்டு, பாட்டிலைக் கழுவி, கலரை ஊற்றி, லாரியை அனுப்பிக்கொண்டேயிருந்தார்கள்.

2017 ஜனவரியில், மெரினாவில் ஜல்லிக்கட்டுப் போராட்டம் நடந்துகொண்டிருந்தபோது, சாஃப்ட்வேர் கம்பெனிக்கு லீவு போட்டுவிட்டு அங்கே உட்கார்ந்திருந்த என் மகன் ராத்திரி பதினொரு மணிக்குப் போன் செய்தான்.

“அப்பா, பொவண்டோன்னு ஒண்ணு இருக்கு, உங்களுக்குத் தெரியுமா?”

தெரியும் என்றேன். “தமிழன் கம்பெனிப்பா. நூறு வருஷம்! விருதுநகர்ல பழனியப்ப நாடார்னு ஒருத்தர்…” என்று ஆரம்பித்து, நான் பிறந்த தெருவுக்கு நாலு தெரு தள்ளி நடந்த கதையை எனக்கு இருபது நிமிஷம் விளக்கினான். நான் உம் கொட்டிக் கேட்டேன். மார்ச் 1 முதல் வெளிநாட்டுக் குளிர்பானங்களை விற்கமாட்டோம் என்று வணிகர் சங்கங்கள் அறிவித்தன. பொவண்டோவுக்குத் திடீரென்று ஒரு கொள்கை வந்துவிட்டது. குடிப்பவர்கள் பாட்டிலோடு படம் எடுத்துப் போட்டார்கள். எங்கள் காலத்தில் அது வெறும் தாகமாக இருந்தது. அதைக் குடித்துவிட்டு யாரும் நெஞ்சை நிமிர்த்தவில்லை, ஏப்பம் விட்டதோடு சரி. நான் தண்ணீர் குடித்த கதையை மகனிடம் சொல்லவில்லை. அதே வருஷம் ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தது: காற்றடைத்த இனிப்புப் பானத்துக்கு 28 சதவீதம் வரி, அதன்மேல் 12 சதவீதம் கூடுதல் வரி. உள்நாடு, வெளிநாடு என்ற பேதமெல்லாம் அதற்கு இல்லை. தமிழன் பெருமைக்கும் அமெரிக்கனின் பெருமைக்கும் ஒரே நாற்பது.

இப்போது கோலி சோடா பெரிய மால்களில் கிடைக்கிறது. புளூபெர்ரி, லிச்சி என்று வாயில் நுழையாத ருசிகளில், நீலமாகவும் ரோஸாகவும். மேலே காகித ஸ்ட்ரா. 2025இல் மத்திய வர்த்தக அமைச்சகம், கோலி சோடா அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் வளைகுடாவுக்கும் ஏற்றுமதியாகிறது என்று பெருமையோடு அறிவித்தது. இங்கிலாந்துக்காரன் கண்டுபிடித்ததை இங்கிலாந்துக்கே பாரம்பரியம் என்று அனுப்பிவைத்திருக்கிறோம். வட்டி சேர்த்துத் திருப்பிக் கொடுப்பது வியாபாரிகளின் பழைய பழக்கம்தானே. பேரன் பிறந்தநாளுக்குப் போன மாலில் ஒரு பையன் அதை உடைக்க பிளாஸ்டிக் கருவி ஒன்றை வைத்து அழுத்தினான். சத்தம் வந்தது, ஆனால் மேலே ஓடிக்கொண்டிருந்த இந்திப் பாட்டில் அது எடுபடவில்லை. பேரன் பாட்டிலைச் சாய்த்தான், குண்டு வந்து அடைத்தது. “தாத்தா, இது வேலை செய்யல” என்றான். நான் குழிவுகளைக் கீழே பார்க்கத் திருப்பிக் கொடுத்தேன். அவன் முகத்தில் வந்த மரியாதையை நான் முழுக்க வாங்கிக்கொண்டேன், காட் துரைக்கோ பழனியப்ப நாடாருக்கோ பங்கு கொடுக்கவில்லை.

நானே குடிக்கலாம் என்றால் சர்க்கரை. காலையில் மாத்திரை, ராத்திரி மாத்திரை. விரல் நுனியில் குத்தி எண்ணைப் பார்க்கும் ஒரு மிஷின், அந்த எண்ணை என்னைவிட ஆவலாகப் பார்க்கும் ஒரு மனைவி. வாங்கக் காசில்லாத வயதில் உடம்பு தயாராக இருந்தது. இப்போது பெட்டி பெட்டியாக வாங்கலாம், இரண்டு விரற்கடை மிச்சத்துக்குமேல் அனுமதியில்லை. அப்பத்தாவின் சட்டத்தையே டாக்டர் வேறு கையெழுத்தில் எழுதியிருக்கிறார்.

போன சித்திரையில் ஒரு கல்யாணத்துக்கு விருதுநகர் போயிருந்தேன். மிளகாய் மண்டிப் பக்கம் நெடி மட்டும் மாறவில்லை. மூன்று தும்மலில் ஊர் வந்துவிட்டது தெரிந்தது. பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு கடையில் நின்றேன். கல்லாவில் பையனுக்கு இருபது வயதிருக்கும், பேச்சில் ஒடியா வாடை. ஆனாலும் விருதுநகர்த் தமிழை நன்றாகவே பிடித்திருந்தான். மனைவி மண்டபத்தில் இருக்கிறாள் என்பதை ஒருமுறை மனதுக்குள் உறுதி செய்துகொண்டு, “பொவண்டோ ஒண்ணு குடுங்க, சின்னது” என்றேன். குளிர்பெட்டியிலிருந்து பிளாஸ்டிக் பாட்டில் ஒன்றை எடுத்து வைத்தான். போனைக் காட்டிப் பணம் கட்டினேன்; ஸ்பீக்கர் பெட்டி ஒன்று நான் எவ்வளவு கொடுத்தேன் என்பதை பஸ் ஸ்டாண்டுக்கே உரக்க அறிவித்தது. சத்தத்துக்குப் பயந்து நான் கடையின் ஓரமாக ஒதுங்கி நின்று குடித்தேன். அதே திராட்சை, அதே காரம். இரண்டு விரற்கடையில் நிறுத்த நினைத்து, பாட்டிலின் அடியில் இரண்டு விரற்கடை இருக்கும்போதுதான் ஞாபகம் வந்தது. சித்தப்பா முறைக்காரர் வழியில் அதையும் முடித்தேன்.

முடித்துவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு, காலி பாட்டிலைக் கவுண்டரில் வைத்து அவன் பக்கம் தள்ளினேன். அவன் பாட்டிலைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

“குப்பைத்தொட்டி அந்தாக்குல இருக்கு அண்ணாச்சி” என்றான்.